ராயபுரத்துத் தெருக்களில் ஒரு ஜிபிஎஸ் ஆட்டம்

ஆட்டம் இப்படித்தான் தொடங்கும். ராயபுரம் கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, போனில் லொகேஷனை ஆன் செய்து, ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு காதிலும் மாட்டினால் பின்னால் வருகிற ஷேர் ஆட்டோவின் சத்தம் கேட்காது. ஒரு குரல் 'தண்டலைத் தேடு' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். போனில் தெரு வரைபடம், அதன் மேல் ஒரு சின்ன வட்டம். நடந்துபோய் அந்த வட்டத்துக்குள் நின்றால்தான் கதையின் அடுத்த துண்டு திறக்கும். வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஆட முடியாது.

இதை நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் புரோகிராமர், ஒருவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர், ஒருத்தி ஒலிப்பதிவு செய்பவள், நான் கதை எழுதுகிறவன். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. முதல் சோதனைக்கு அதே பகுதியில் வளர்ந்த ஒரு பிளஸ் டூ பையனைப் பிடித்தோம். குரல் சொன்னதைக் கேட்டதும் கொஞ்சம்கூட யோசிக்காமல், "தண்டலா? அவரு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாரு" என்றான். வடசென்னையில் தண்டல் என்றால் தினசரி வசூல் கடன். பூக்காரம்மா, இட்லிக்காரம்மா, மீன் விற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். கையில் நோட்டோடு டூவீலரில் வருகிறவர்தான் அவனுக்குத் தெரிந்த தண்டல்.

எங்கள் தண்டல் வேறு ஆள். சென்னைக்குத் துறைமுகம் கிடையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இந்தக் கரையின் பேர்போன அலை. அதைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கியவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகின் தலைவர்தான் தண்டல். எந்த அலையில் துடுப்பைப் போடுவது, எந்த அலையை விட்டுப் பிடிப்பது என்பதெல்லாம் அவர் கணக்கு. இழப்பு அணாக்கணக்கில் இருந்தாலும் உயிர்க்கணக்கில் இருந்தாலும் பொறுப்பு அவருடையது. பையனின் பதிலைக் கேட்டபிறகு அதையே முதல் புதிராக்கிவிட்டோம். இப்போது ஆட்டம் 'ஆறு மணிக்கு வரும் தண்டல் இல்லை, ஆறு அலைக்கு ஒரு அலை பார்க்கும் தண்டல்' என்று சொல்லி ஆளைக் கடல் பக்கம் திருப்புகிறது.

இந்த வகை ஆட்டத்துக்கு வயது கால் நூற்றாண்டுதான். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் கட்டிய ஏற்பாடு. 2000 மே தொடக்கம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். இடம் ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளிப்போகும். ராயபுரத்தில் 100 மீட்டர் என்பது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற வித்தியாசம். அந்தக் கலப்படத்தை நிறுத்திய ஓரிரு நாளிலேயே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு பக்கெட்டைப் பாதி புதைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டு 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்றார். ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கு அங்கே பிறந்தது. 2016 ஜூலையில் போக்கிமான் கோ வந்து, போனைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கிற கூட்டத்தை உலகம் பூராவும் உண்டாக்கியது. இதற்கு நடுவே, பெரிய சத்தமில்லாமல், ஊர் வரலாற்றைச் சொல்லும் ஆட்டங்களும் வளர்ந்தன. புதைத்த பக்கெட்டுக்குப் பதிலாக ஒரு கதைத்துண்டு, பொம்மை மிருகத்துக்குப் பதிலாக ஒரு பழைய கட்டடம். அடிப்படை ஒன்றே: இடம்தான் சாவி.

சாவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்னார், இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைப் போன் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் நாம் நிற்கிற இடம் கிடைத்துவிடும். இடத்துக்கு மூன்று போதாதா என்றால், நம் போனின் கடிகாரம் அவ்வளவு நம்பகமானதில்லை. அதன் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது. ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 300 மீட்டர் தவறும். மேலே இருக்கும் கடிகாரங்கள் ஐன்ஸ்டீன் சொன்னபடி நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய், ராயபுரத்தில் நிற்பவனைத் திருவொற்றியூருக்கும் அந்தப் பக்கம் காட்டும்.

திறந்த வானத்தின் கீழே ஒரு சாதாரண போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். பழைய வண்ணாரப்பேட்டையில் திறந்த வானத்துக்கு எங்கே போவது? சந்துகளில் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மொட்டை மாடிக்கு நடுவே ஒரு முழம் வானம்தான் தெரியும், அதிலும் பாதியைக் கேபிள் டிவி ஒயர் மறைத்திருக்கும். சிக்னல் நேராக வராமல் எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டு வருகிறது. சுற்றி வந்த சிக்னலுக்கு நேரம் கூடுதல், அதனால் தூரமும் கூடுதல் என்று போன் எண்ணிக்கொள்ளும். நிற்பது ஒரு தெரு, நீலப்புள்ளி காட்டுவது பக்கத்துத் தெரு. முதலில் வட்டத்தின் ஆரத்தைப் பத்து மீட்டர் என்று வைத்திருந்தோம். ஆள் சரியான வாசலில்தான் நிற்கிறான், கதை திறக்கவில்லை. இரண்டடி முன்னே, மூன்றடி பின்னே என்று குறி சொல்பவனைப் போல ஆடிக்கொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "தம்பிக்கு இன்னா ஒடம்பு?" என்று கேட்டுவிட்டார். இப்போது சந்துகளில் 30 மீட்டர், கடற்கரையில் 15 மீட்டர். வட்டத்துக்குள் வந்தபிறகும் பத்து வினாடி நின்றால்தான் திறக்கும். இல்லாவிட்டால் புள்ளி சும்மா தாவும்போதெல்லாம் குரல் பேச ஆரம்பித்துவிடுகிறது.

புள்ளி தாவுகிற இந்தக் கூத்தைப் பார்க்கும்போது எனக்குப் பட்டினத்தார் ஞாபகம்தான் வருகிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சிறுவர்களோடு அவர் ஒரு விளையாட்டு விளையாடுவாராம். தன்மேல் ஒரு சாலை, அதாவது பெரிய பானையை, கவிழ்த்து மூடச் சொல்வார். மூடிவிட்டுத் திரும்பினால் வேறொரு இடத்திலிருந்து வருவார். ஒருநாள் மூடினார்கள், வேறெங்கும் வரவில்லை. பானையைத் திறந்து பார்த்தால் உள்ளே லிங்கம். அவர் சமாதிக் கோயில் இன்றும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. இடத்தை வைத்து ஆடும் ஆட்டம் இந்தக் கரைக்குப் புதிதில்லை என்று சொல்ல எங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அதே ஊரில் சுந்தரர் கதையும் இருக்கிறது. சங்கிலியாரை மணக்கும்போது 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று கோயில் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். பிரியத்தான் போகிறோம் என்பது சுந்தரருக்குத் தெரியும். சத்தியம் செய்கிற நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் சரி என்றார். அப்புறம் சங்கிலியாரிடம் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள் என்றும் சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது. பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதை முழுக்க முழுக்க யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பற்றியது. எல்லையைத் தாண்டினால் ஏதோ நடக்கும் என்பதைத்தான் எங்கள் புரோகிராமர் ஜியோஃபென்ஸ் என்கிறார். மகிழடி சேவை இன்றைக்கும் மாசி பிரம்மோற்சவத்தில் நடக்கிறது. அந்தப் பகுதியை இரண்டாவது சுற்றுக்கு வைத்திருக்கிறோம். ஒரே நாளில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை யாரையும் வெயிலில் நடக்கவிட முடியாது.

முதல் சுற்றில் சுலபமான இடம் ராயபுரம் ரயில் நிலையம். அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதற்கு மூன்று நாள் முன்னால் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். சென்ட்ரல் வந்தது 1873இல், அதாவது பதினேழு வருஷம் கழித்து. பம்பாயில் முதல் ரயில் ஓடிய காலத்து நிலையக் கட்டடம் இப்போது இல்லை. அதனால் நாட்டில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்பார்கள். முகப்பில் உயரமான தூண்கள், உள்ளே ஆளே இல்லாத கூடம். 2005இல் புதுப்பித்தார்கள். புறநகர் ரயிலில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. நானும் பல வருஷம் பார்க்காமல்தான் போனேன்.

சுலபமான இடம் என்றேன். ஆட்டத்துக்கு அதுவே சிக்கலும்கூட. கட்டடம் கண் முன்னால் இருந்தால் ஆட்டக்காரன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த வட்டத்துக்கு ஓடிவிடுகிறான். அவனை நிறுத்திவைக்க ஒரு கேள்வி வேண்டும். வரலாற்று ஆசிரியர் ஒன்று கண்டுபிடித்தார்: ரயில் ஏன் இங்கே வந்து நின்றது? கோட்டையில் ஏன் இல்லை? இன்றைக்கு நமக்குச் சென்னை என்றால் அண்ணா சாலை, தி.நகர், அடையாறு. அன்றைக்கு வியாபாரம் முழுக்கக் கோட்டைக்கு வடக்கே, இந்தக் கரையை ஒட்டித்தான் இருந்தது. கப்பல் சரக்கு இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரயில் வந்தது. நகரத்தின் முகம் தெற்கே திரும்பியது பின்னால்.

கட்டடம் போன இடங்களில் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. இந்தப் பகுதியில் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான துப்புகள் எல்லாம் பஸ் ஸ்டாப் பெயர்கள்தான். ராயபுரம் என்பதில் ராயர் யாரும் இல்லை. பீட்டருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் இராயப்பர். படகோட்டிகள் கட்டிய இராயப்பர் கோயிலை ஒட்டி ஊர்ப்பெயர் வந்தது. வால்டாக்ஸ் ரோடு என்பது நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் செலவுக்குப் போட நினைத்த வரியின் பெயர். வரி வசூலாகவே இல்லை என்பார்கள். பெயர் மட்டும் ஆட்டோக்காரர் வாயில் இருக்கிறது. வடக்கே போனால் காலடிப்பேட்டை. சோதனை ஆட்டத்தில் இரண்டு பேர் அங்கே ஏதாவது பாதச்சுவடு இருக்குமா என்று கோயில் கோயிலாகத் தேடினார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அது. காலட்பேட்டை நம் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆனது. இப்போது மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான்.

தண்டையார்பேட்டையில் மாட்டிக்கொண்டோம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே தங்கியதால், தொண்டியார் பேட்டை என்று பெயர் வந்து, பிறகு தண்டையார்பேட்டையாகத் திரிந்தது என்பது ஊரே சொல்லும் கதை. தர்காவும் இருக்கிறது. ஆனால் அவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர். தண்டையார்பேட்டையோ 1693இல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த ஊர். அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே இருந்த ஊருக்கு அவரால் எப்படிப் பெயர் வரும்? ஆசிரியர் இந்தக் கதையை எடுத்துவிடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. பெயருக்குக் காரணம் அவராக இல்லாமல் இருக்கலாம், ஊர் அவரை அப்படி நினைத்துக்கொண்டதும் வரலாறுதானே. கடைசியில் இரண்டையும் வைத்தோம்: தர்கா பக்கத்து வட்டத்தில் ஊர் சொல்லும் கதை, அடுத்த வட்டத்தில் 1693. நடுவில் இருக்கும் தூரத்தை நடக்கும்போது ஆட்டக்காரன் தானே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

மாடிப் பூங்காவில் வேறொரு தொல்லை. 1758இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட்டது. அந்தப் பயத்தில் கம்பெனி பிறகு கறுப்பர் நகரத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை, சுற்றி மதில் எழுப்பியது. காலப்போக்கில் அதை இடித்துத் தள்ளினார்கள். மிச்சமிருந்த ஒரு துண்டு பழைய வண்ணாரப்பேட்டை இப்ராகிம் சாகிபு தெருவில் இருக்கிறது. அதன் மேல்தான் பூங்கா. படியேறிப் போவதால் மாடிப் பூங்கா. நகர மதில் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே மாலையில் ஆட்கள் காற்று வாங்குவார்கள். ஜிபிஎஸ் கிழக்கு, மேற்கைச் சொல்கிற அளவுக்கு உயரத்தைச் சரியாகச் சொல்லாது. ஆள் கீழே தெருவில் நிற்கிறானா, மதில் மேல் நிற்கிறானா என்பது ஆட்டத்துக்குத் தெரியவில்லை. சில போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. மலிவான போன்களில் இல்லை. விலை உயர்ந்த போன் வைத்திருப்பவன்தான் ஆட முடியும் என்றால் இந்தத் தெருவில் யாருக்காக ஆட்டம்? மேலே ஏறினால்தான் பதில் தெரிகிற மாதிரி ஒரு கேள்வியை வைத்தோம். என்ன கேள்வி என்பதை இங்கே சொல்லமாட்டேன்.

மற்ற வட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்த பெயர் அது. ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. துறைமுகத்தைப் பார்க்க நின்றால் 1914 செப்டம்பர் 22 இரவு: ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இரவு. கப்பல் போய்விட்டது, 'அவன் பெரிய எம்டன்' என்பது மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

மேற்கு மாதா கோயில் தெருவில் ஒரு வட்டம் வாசலோடு நின்றுவிடும். 1910இல் கட்டிய பார்சி அக்னி ஆலயம் அங்கே இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே ஒன்றுதான். பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. அதனால் வட்டத்தைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் வைத்தோம். குரலும், 'கதவைத் தட்டாதே, போட்டோ எடுக்காதே, இங்கிருந்தே கேள்' என்கிறது. மாதா பெயரில் தெரு, அதில் அக்னிக்கு ஒரு கோயில். இதைக் கேட்டுவிட்டு நகர்ந்தால் போதும்.

எங்கெங்கே வட்டம் வைக்கக் கூடாது என்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எண்ணூர் விரைவுச் சாலையைக் குறுக்கே கடக்கவைக்கும் வட்டம் ஒன்றுகூடக் கிடையாது. கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு நம் ஆட்டம் தெரியாது. துறைமுக வளாகத்துக்குள் கிடையாது. யார் வீட்டு வாசலும் கிடையாது. வடசென்னை என்றதும் அரிவாளும் கானாவும் பாக்சிங்கும்தான் என்று சினிமா ஒரு படத்தை வரைந்து வைத்திருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு கேமராவோடு சந்துக்குள் நுழையும் கூட்டம் ஏற்கெனவே உண்டு. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு எதிரே பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால், அது வரலாறு கேட்பதற்கு என்று யார் நம்புவார்கள்? அந்தத் தெருவே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். நல்ல கதை ஒன்று போனது.

நேரமும் முக்கியம். காசிமேட்டில் விடிகாலையில் போனால் ஏலம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று கூடை கூடையாக இறங்கும்; ஏலம் கூறும் குரலுக்கு முன்னால் எங்கள் ஹெட்செட் குரல் எடுபடாது. கையை ஆட்டி வைத்தால் ஒரு கூடை மீன் நம் தலையில் விழும். ஒன்பது மணிக்கு மேல்தான் அந்த வட்டம் திறக்கும்படி வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுகிறவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். தண்டலைப் பற்றியும் மசூலாவைப் பற்றியும் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதில் பாதி அந்த இரண்டு மாதத்தில்தான்.

இனி கடல். ஆட்டத்தின் கடைசி வட்டம் தண்டல் தன் படகை இறக்கிய கரையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கதை அங்கேதான் முடியும். புரோகிராமர் வரைபடத்தைத் திறந்து, "எந்த இடம்?" என்றார். கரை எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டித் துறைமுக வேலை ஆரம்பித்தது. 1881 புயல் கட்டியதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. மறுபடி கட்டினார்கள். துறைமுகத்தின் கரங்கள் கடலுக்குள் நீண்டதும் ஒரு விஷயம் நடந்தது. இந்தக் கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வருஷக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே. துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை நூற்றுக்கணக்கான மீட்டர் அரிபட்டது. குப்பங்கள் போயின, தெருக்கள் போயின. பிறகு கருங்கல்லைக் கொட்டிக் கொட்டிக் கரையை நிறுத்தியிருக்கிறார்கள். ஊரே பெருமைப்படும் அந்தக் கடற்கரைக்கு வடக்கே இருந்தவர்கள் கொடுத்த விலை இது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே, அந்தக் கருங்கல் மேல் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆயா கேட்டார். மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கண்ணு, போனப் பாத்துகினே நடந்தா கடல்லதான் போய் வுழுவ."

"பழைய கரை எங்க இருந்துச்சுன்னு தேடுறோம் ஆயா."

"பழைய கரையா? எங்க மாமியா வூடே தோ அங்க இருந்துச்சு" என்று கையை நீட்டினார். கல்லைப் பார்த்தோம். "அந்தக் கல்லாண்ட இல்ல. அதுக்கும் அப்பால." அங்கே ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது.

வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளி வைத்தால் நீலத்தில் விழுகிறது. வட்டம் 30 மீட்டர் போதாது, 300 மீட்டர் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் போகிற லாரிக்காரருக்கும் கதை திறந்துகொள்ளும். ஜிபிஎஸ்ஸின் ஐந்து மீட்டர் பிழையோடு இத்தனை நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், தேடுகிற இடமே நகர்ந்துபோயிருக்கிறது.

புரோகிராமர்தான் வழி சொன்னார். நிற்கிற இடத்தை விட்டுவிடலாம், பார்க்கிற திசையை எடுத்துக்கொள்ளலாம். போனுக்குள் ஒரு காந்த உணரி, அதாவது திசைகாட்டி இருக்கிறது. கல் மேல் பாதுகாப்பான ஓரிடத்தில் ஆளை நிறுத்தி, நாலு பக்கமும் மெதுவாகத் திரும்பச் சொல்வோம். ஊர்ப்பக்கம் திரும்பியிருக்கும்வரை காதில் ஒன்றும் கேட்காது. கிழக்கே திரும்பத் திரும்ப, குப்பத்துச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்: துடுப்பு, ஆட்களின் கூப்பாடு, தண்டலின் குரல், அடியில் அலை. பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி குழம்பும். அதற்காக வட்டத்தை ரோட்டோர இரும்பு வேலியிலிருந்து தள்ளி வைத்தோம். இரண்டு வாரத்தில் ஓரளவுக்குச் சரியாக வந்தது.

முதலில் ஆயாவுக்குத்தான் போட்டுக் காட்டினோம். ஹெட்செட்டை முந்தானையில் துடைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். சொன்னபடி கிழக்கே திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

"ஆளுங்க சத்தம் சரி. அலைதான் தப்பு. இது கல்லுல அடிக்கிற அலை. அப்போ கல்லு ஏது? மணலு. மணலு மேல வந்தா உஸ்ஸுனு ஏறி, சொர்ருனு எறங்கும்."

ஒலிப்பதிவு செய்பவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த அலையை அவள் இதே கல் மேல் உட்கார்ந்துதான் பதிவு செய்திருந்தாள். மணல் மேல் வரும் அலைக்காக அடுத்த நாள் விடிகாலை நாலரை மணிக்கு, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னால், மைக்கைத் தூக்கிக்கொண்டு மெரினாவுக்குப் போனோம்.